சாக்கு எடையும் சீட்டுக் கணக்கும்

குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஆறு மாதமாக ஹை-லோ முறையில் பிளாக்ஜாக் சீட்டு எண்ணிப் பழகுகிறேன். எண்ணுவது வந்துவிட்டது. மிச்சம் எத்தனை கட்டு இருக்கிறது என்று பார்த்து வகுக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறேன். கே.ஓ. முறையில் வகுத்தலே இல்லை என்கிறார்கள். அதற்கு மாறலாமா? எந்த எண்ணில் பந்தயத்தை ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது? கையில் 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். குறைந்தபட்சம் 500 ரூபாய் போடும் மேசையில் உட்காரலாம் என்று நினைக்கிறேன்."

தம்பி, மாறலாம். உங்கள் தடுமாற்றத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் "வகுத்தலே இல்லை" என்று சொன்னவர் உங்களுக்குப் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி தெரியாமல் நான் ஒரு ராத்திரியில் நிறையப் பணத்தை விட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அந்த 60,000 ரூபாயைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். பதினோரு வருடம் பயணிகள் கப்பல்களில் கேசினோ மேசையில் டீலராக நின்றவன். இப்போது ஒன்றரை ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஏன் எண்ணுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. 21-ஐத் தாண்டாமல் டீலரை விட அதிகம் சேர்ப்பதுதான் ஆட்டம்; தாண்டினால் தோல்வி. 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் ஆகிய பெரிய சீட்டுகள் மிச்சக் கட்டில் அதிகம் இருந்தால் ஆடுபவருக்குச் சாதகம். பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே ஆஸும் பத்து மதிப்புச் சீட்டும் சேர்ந்து 21 ஆவது, அடிக்கடி விழும். அது நமக்கு விழுந்தால் ஒன்றரை மடங்கு வருகிறது, டீலருக்கு விழுந்தால் நாம் ஒரு மடங்குதான் இழக்கிறோம். அப்புறம், டீலர் கையில் 12 முதல் 16 வரை எது இருந்தாலும் அவர் இன்னொரு சீட்டு எடுத்தே ஆக வேண்டும்; நாம் நின்றுகொள்ளலாம். பெரிய சீட்டு நிறைந்த கட்டில் அந்தக் கட்டாயமே அவரைக் கவிழ்க்கிறது. சின்னச் சீட்டுகள் மிச்சம் இருந்தால் எல்லாம் தலைகீழ். 1956-இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்துக்குச் சரியான ஆட்டமுறையை முதன்முதலில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதன் பிறகு எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர், எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில், எந்தச் சீட்டு வெளியே போனால் சாதகம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். எல்லா எண்ணும் முறைகளும் அந்த வேரிலிருந்து வந்தவைதான்.

ஹை-லோ சமனான முறை. 2 முதல் 6 வரை பிளஸ் ஒன்று, 10 முதல் ஆஸ் வரை மைனஸ் ஒன்று, 7, 8, 9 பூஜ்யம். ஒரு கட்டில் இருபது பிளஸ், இருபது மைனஸ். முழுக் கட்டையும் எண்ணி முடித்தால் பூஜ்யத்தில் வந்து நிற்கும். 1990-களில் ஓலாஃப் வான்குரா, கென் ஃபுக்ஸ் இருவரும் கொண்டுவந்த கே.ஓ. முறையில் ஒரே ஒரு மாற்றம்: 7-ஐயும் பிளஸ் ஒன்று என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான். இப்போது ஒரு கட்டில் இருபத்துநாலு பிளஸ், இருபது மைனஸ். கட்டு முடியும்போது பூஜ்யம் வராது, 4 வரும். ஆறு கட்டு என்றால் 24 ஏறும். சமனில்லாத முறை என்று பெயர் வந்தது இதனால்தான். துல்லியத்தில் குறை இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். பந்தயத்தைத் தீர்மானிப்பதில் ஒரு முறை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை ஒன்றுக்கு எத்தனை என்று அளப்பார்கள், ஹை-லோவுக்கு 0.97, கே.ஓ.வுக்கு 0.98.

புத்தக வழக்கப்படி ஆறு கட்டு ஆட்டத்தில் மைனஸ் 20-இல் ஆரம்பிக்க வேண்டும். மைனஸ் 4 வந்தால் பந்தயத்தை ஏற்றத் தொடங்கு என்பார்கள். அதற்குக் கீ கவுண்ட் என்று பெயர். பிளஸ் 4-க்குப் பிவட் என்று பெயர். எனக்கு இந்த மைனஸ் விவகாரமே ஒத்துவரவில்லை. மேசையில் சத்தம், பக்கத்தில் ஒருவர் கதை பேசுகிறார், நடுவில் மனதுக்குள் "மைனஸ் பதினேழு, மைனஸ் பதினெட்டு" என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் எங்கோ திசை மாறிப்போகும். அதனால் எல்லா எண்ணோடும் 20-ஐக் கூட்டிக்கொண்டேன். பூஜ்யத்தில் ஆரம்பம். கீ கவுண்ட் 16. பிவட் 24. இன்ஷூரன்ஸ், அதாவது டீலர் ஆஸ் காட்டும்போது அவருக்குப் பிளாக்ஜாக் இருக்கும் என்று வைக்கும் பக்கப் பந்தயம், எடுக்கலாம் என்ற எண் 23. இனி இந்தப் பதிலில் எல்லாமே இந்தக் கணக்குத்தான்; ஆறு கட்டு ஆட்டத்துக்கு மட்டும்.

ஒரு கையைப் பார்ப்போம். புதிதாகக் கலைத்த ஷூ (ஆறு கட்டையும் அடுக்கி ஒவ்வொன்றாக எடுக்கும் பெட்டி), மேசையில் இரண்டு பேர். முதல் ஆளுக்கு ராஜாவும் 5-உம். ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, பூஜ்யம். நீங்கள் இரண்டாவது ஆள், உங்களுக்கு 7-உம் 2-உம்: இரண்டு. டீலரின் திறந்த சீட்டு 6: மூன்று. முதல் ஆள் 15-இல் நின்றுகொண்டார், சரியான முடிவு. உங்களிடம் 9, டீலரிடம் 6, ஆகவே டபுள் செய்கிறீர்கள், அதாவது பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குகிறீர்கள். 10 வருகிறது: இரண்டு. டீலர் மூடிய சீட்டைத் திறக்கிறார், 4: மூன்று. அடுத்து 8 எடுத்து 18-இல் நிற்கிறார், 8-க்கு மதிப்பில்லை. உங்கள் 19 ஜெயித்தது. எட்டுச் சீட்டு போயிருக்கிறது, எண்ணிக்கை 3. ஜோடி ஜோடியாக அடித்துக்கொள்ளும் சீட்டுகளைக் கண் தானாகவே தள்ளிவிடும். இரண்டு மாதப் பழக்கத்தில் இது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, இப்போது அந்த மீதிப் பாதி.

எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தராசில் மூட்டையைத் தூக்கி மாட்டியதும் காட்டுகிற எடை இலையின் எடை அல்ல. சாக்கும் அதில் சேர்ந்திருக்கிறது, மழை நாளானால் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது. சாக்கு எடையைக் கழித்த பிறகுதான் இலை. ஒரு மூட்டை என்றால் கழிவு கொஞ்சம், நாலு மூட்டை என்றால் கழிவு நாலு மடங்கு.

கே.ஓ. எண்ணிக்கையும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டு வெளியே போகும்போதும், எந்த விசேஷமும் நடக்காவிட்டாலும், 4 ஏறும். அந்த 4 தான் சாக்கு. ஒரு கட்டு முடிந்து எண்ணிக்கை 4 என்றால் உங்களுக்கு ஒரு சாதகமும் இல்லை. ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். மூன்று கட்டு முடிந்து 12, நாலு கட்டு முடிந்து 16, எல்லாம் வெறும் சாக்கு. அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் இலை.

கீ கவுண்ட் 16 என்கிறார்கள் இல்லையா? அது ஷூவின் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு கட்டு போன நிலையில் 16 வந்தால், சாக்கு 4, இலை 12. மிச்சம் ஐந்து கட்டு, வகுத்தால் 2.4. ஹை-லோக்காரர்கள் ட்ரூ கவுண்ட் என்று சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான். நல்ல சாதகம். மூன்று கட்டு போய் 16 என்றால் சாக்கு 12, இலை 4, மிச்சம் மூன்று கட்டு: 1.3. சுமாரான சாதகம். நாலு கட்டு போய் 16 என்றால் பூஜ்யம். நாலரை கட்டு போய் 16 என்றால் சாக்கே 18. நீங்கள் இரண்டு கடன்பட்டிருக்கிறீர்கள். மிச்சம் ஒன்றரை கட்டால் வகுத்தால் மைனஸ் 1.3. அதாவது கேசினோவின் பக்கம் நன்றாகச் சாய்ந்த மேசை.

ஒரே எண், நாலு விதமான மேசை. வகுத்தலை இந்த முறை ஒழிக்கவில்லை. ஷூவின் நடுவில் நின்று ஒருமுறை வகுத்து, அந்த விடையைத் தொடக்க எண்ணுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. நடுவில் இருக்கும்வரை அது உண்மை பேசும். முன்னால் இருந்தால் குறைத்துச் சொல்லும், பின்னால் போனால் கூட்டிச் சொல்லும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இதுதான். கப்பல் வேலையை விட்ட வருடம், ஒரு வெளிநாட்டுத் துறைமுக ஊரில் நாலு நாள் தங்கியிருந்தேன். அங்கே ஒரு கேசினோவில் உட்கார்ந்தேன். எண்ணிக்கையில் தப்பே செய்யவில்லை. பதினோரு வருடம் சீட்டு போட்ட கண் அது. ஷூவின் கடைசிப் பக்கம், எங்கே நிறுத்திக் கலைக்க வேண்டும் என்று காட்டும் வெட்டுச்சீட்டு தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில் எண்ணிக்கை 17. பதினாறைத் தாண்டிவிட்டதே என்று பத்து மடங்கு பந்தயம் வைத்தேன். போயிற்று. திரும்ப வைத்தேன். அடுத்தடுத்த ஷூக்களிலும் கடைசிப் பக்கத்தில் இதே கதை. அன்று ராத்திரி முடியும்போது மூன்று மாதச் சம்பளம் இல்லை. அதிர்ஷ்டம் சரியில்லை என்றுதான் ஊருக்கு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஐப்பசி மழையில், கரண்ட் இல்லாத ராத்திரி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பாட்டு மேசை மேல் ஆறு கட்டைப் பரப்பினேன். நாலரை கட்டை எண்ணி ஒரு பக்கம் வைத்தேன். எண்ணிக்கை 17 வந்தது. மிச்சமிருந்த 78 சீட்டையும் திறந்து சின்னது ஒரு பக்கம், பெரியது ஒரு பக்கம் என்று அடுக்கினேன். கே.ஓ.வில் ஷூ முடியும்போது 24 வந்தே ஆக வேண்டும். 17-இல் இருக்கிறோம் என்றால் மிச்சத்தில் பெரியதை விடச் சின்னது ஏழு அதிகம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை கட்டில் ஆறு அதிகம் இருப்பதுதான் இயல்பு. அடுக்கி முடித்தபோது அந்த ஏழு சீட்டும் என் முன்னால் இருந்தன. இயல்பை விட மோசமான கட்டின் மேல் பத்து மடங்கு பணம் வைத்திருக்கிறேன். அதிர்ஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாக்குக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

அதனால் உங்களுக்கு நாலே நாலு எண் தருகிறேன். மனப்பாடம் செய்துகொண்டால் மேசையில் வகுக்க வேண்டியதில்லை. பந்தயத்தை ஏற்றத் தொடங்கும் எண்: ஒரு கட்டு போயிருந்தால் 11, இரண்டு போயிருந்தால் 14, மூன்று போயிருந்தால் 16, நாலு போயிருந்தால் 19. எல்லாமே ஏறக்குறைய அதே 1.3 ட்ரூ கவுண்டைத் தொடும் இடங்கள். எத்தனை கட்டு போயிற்று என்பதை டீலரின் வலப்பக்கம் கழித்த சீட்டு அடுக்கும் தட்டைப் பார்த்துச் சொல்லலாம். ஒரு கட்டு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம். அரைக்கட்டு துல்லியம் கூட வேண்டாம். ஒன்றா, இரண்டா, மூன்றா, நாலா என்று தெரிந்தால் போதும். ஹை-லோவில் நீங்கள் தடுமாறிய வேலையோடு ஒப்பிட்டால் இது கால்வாசி.

பிவட் மட்டும் தனி. 24 எந்த ஆழத்தில் வந்தாலும் ட்ரூ கவுண்ட் சரியாக 4. மிச்சம் இரண்டு கட்டு என்றால் சாக்கு 16, இலை 8, எட்டை இரண்டால் வகுத்தால் 4. மிச்சம் ஐந்து கட்டானாலும் இலை 20, விடை அதே 4. சமனில்லாத முறையின் அழகெல்லாம் இந்த ஒரு புள்ளியில் இருக்கிறது. பெரிய பந்தயம் வைக்கும் நேரத்தில் எண் பொய் சொல்லாது என்பது சின்ன விஷயமல்ல. ஆர்னல்ட் ஸ்னைடரின் ரெட் செவன் முறை இதையே வேறு இடத்தில் வைக்கிறது. அதில் சிவப்பு 7-கள், அதாவது ஆட்டினும் டைமண்டும், மட்டும் பிளஸ். கட்டுக்கு 2 தான் ஏறும், பிவட் ட்ரூ கவுண்ட் 2-இல் விழுகிறது. ஏற்றம் தொடங்கும் இடத்தின் பக்கத்திலேயே துல்லியம் கிடைக்கிறது, அது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு 7-க்கும் நிறம் பார்க்க வேண்டும். மங்கலான விளக்கில் எனக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் கண் இளசு, வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

இனி ஏற்றம். மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில் கல்லாறு வரைக்கும் சாதாரணத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. கல்லாறு தாண்டியதும் நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் வருகிறது. அதைப் பல் பிடித்து ஏறினால்தான் குன்னூர். பந்தயமும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஏற்றம் தொடங்கும் எண் வரும்வரை ஒரு யூனிட், அதாவது உங்கள் அடிப்படைப் பந்தயம் மட்டும்; அசையவே கூடாது. அதற்கப்புறம் பல் பல்லாக. தோற்றதை மீட்க ஏற்றுவது, ஜெயித்த உற்சாகத்தில் ஏற்றுவது, இரண்டுமே பல் விட்ட சக்கரம்.

எவ்வளவு ஏற்றுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நல்ல விதிகள் உள்ள மேசையில் சரியாக ஆடினால் கேசினோவின் சாதகம் சுமார் அரை சதவீதம். ட்ரூ கவுண்ட் ஒன்று ஏறினால் சுமார் அரை சதவீதம் நம் பக்கம் நகர்கிறது. ஆக, 1-இல் சமம், 2-இல் நமக்கு அரை சதவீதம், 4-இல் ஒன்றரை சதவீதம். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி 1956-இல் எழுதிய சூத்திரத்தைத் தார்ப் இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார்: கைமுதலைச் சாதகத்தால் பெருக்கி, ஆட்டத்தின் ஏற்ற இறக்க அளவால் வகு. பிளாக்ஜாக்குக்கு அந்த அளவு சுமார் 1.3. வருகிற விடையில் பாதியை மட்டும் வைப்பதுதான் அனுபவஸ்தர்களின் வழக்கம். முழுதையும் வைத்தால் கைமுதல் பாதியாகும் நாட்கள் அடிக்கடி வரும். அந்த நாட்களில் யாராலும் நிதானமாக ஆட முடியாது.

ஷூவின் நடுவில், 2,000 யூனிட் கைமுதலுக்கு, பாதிக் கெல்லிப்படி போட்டால் ஏற்றம் இப்படி வருகிறது. 16-இல் கணக்கு ஒன்றேகால் யூனிட் என்கிறது. வசதிக்கு 2 வைக்கலாம். 18-இல் 4. 20-இல் 6. 22-இல் 9. 24-இல் 12. அங்கே நிறுத்திவிடுங்கள். 12-க்கு மேல் போனால் லாபம் கூடும்தான், ஆனால் மேற்பார்வையாளர் உங்கள் பின்னால் வந்து நிற்பார். ஒரே தாவலில் 1-இலிருந்து 12-க்குப் போவதும் அதே விளைவுதான். டீலராக இருந்தபோது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் அடையாளமே அதுதான். இரண்டு மூன்று கைகளில் படிப்படியாக ஏறுகிறவரை நாங்கள் கவனித்ததேயில்லை. ஷூ முடிந்து கலைத்தவுடன் திரும்ப ஒரு யூனிட். கையில் சூடு இருக்கிறது என்று 6-ஐ அப்படியே விட்டுவைக்காதீர்கள். பாதி ஷூ போயும் எண்ணிக்கை 8-ஐத் தாண்டவில்லை என்றால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இப்போது உங்கள் 60,000. மேசையின் குறைந்தபட்சம் 500 என்றால் உங்களிடம் இருப்பது 120 யூனிட். மேலே சொன்ன ஏற்றத்துக்கு 2,000 யூனிட், அதாவது 10 லட்சம் ரூபாய் வேண்டும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 60,000-ஐ ஒன்றரை சதவீதத்தால் பெருக்கி, 1.3-ஆல் வகுத்து, பாதியாக்கினால் சுமார் 346 ரூபாய். ஷூவின் மிகச் சிறந்த நேரத்தில், 24 வந்து நிற்கும்போது, நீங்கள் வைக்க வேண்டிய பந்தயமே மேசையின் குறைந்தபட்சத்தை விடக் குறைவு. உங்களால் சரியான பந்தயத்தை ஒருமுறை கூட வைக்க முடியாது. மீறி 12 யூனிட் வைத்தால் அது 6,000. ஜோடி 8 வந்து, தனித்தனிப் பந்தயத்தோடு இரண்டு கையாகப் பிரிக்கிறீர்கள், இரண்டிலும் டபுள் செய்யும் சீட்டு வருகிறது, மேசையில் 24,000. ஒரே கையில் உங்கள் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு.

சாதகம் இருந்தால் ஜெயித்துவிடுவோம் என்பது நம்மில் பலரை ஏமாற்றும் எண்ணம். ஒரு வாதத்துக்கு, ஒவ்வொரு கையிலும் உங்களுக்கு ஒரு சதவீதச் சாதகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. 500 ரூபாய் வீதம் 1,000 கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 5,000. ஆனால் சாதாரணமாகவே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுமார் 18,000 ஆடும். எதிர்பார்க்கும் லாபமும் ஊசலாட்டமும் சமமாக வருவதற்கே சுமார் 13,000 கை ஆட வேண்டும். மணிக்கு எழுபது கை என்றால் கிட்டத்தட்ட 190 மணி நேரம். அதுவரைக்கும் தாங்குகிற பணம் இருப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு உதவும். ஒரு கோவா பயணம், இரண்டு ராத்திரி, 60,000 ரூபாய் என்பது சூதாட்டமேதான். நீங்கள் எவ்வளவு சுத்தமாக எண்ணினாலும் அது மாறாது. அந்தப் பணம் வீட்டுக்கு வேண்டிய பணம் என்றால் தயவுசெய்து எடுத்துப் போகாதீர்கள். கப்பலில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கடைசி வில்லையைத் தள்ளிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மேசையைப் பற்றியும் இரண்டு விஷயம். பிளாக்ஜாக்குக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 3-க்கு 2 தருகிறார்களா, 6-க்கு 5 தருகிறார்களா என்று மேசை விரிப்பில் எழுதியிருக்கும். 6-க்கு 5 என்றால் கேசினோவின் சாதகம் சுமார் 1.4 சதவீதம் கூடிவிடுகிறது. மூன்று ட்ரூ கவுண்ட் அங்கேயே காலி. உட்காராதீர்கள். அடுத்தது வெட்டுச்சீட்டு. ஆறு கட்டில் நாலரை வரை போட்டால் எண்ணலாம். மூன்றரையில் கலைத்துவிட்டால் நல்ல எண் வருவதற்குள் ஷூ முடிந்துவிடும். போட்ட சீட்டை உடனே உள்ளே இழுத்துக் கலைத்துக்கொண்டே இருக்கும் இயந்திரம் இருந்தால் எந்த எண்ணும் முறைக்கும் அங்கே வேலையில்லை. கைபேசி ஆட்டங்களும் அப்படித்தான், ஒவ்வொரு கைக்கும் புதுக் கட்டு. போதாததற்கு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றிவிட்டது. தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. ஊட்டியிலோ குன்னூரிலோ யாராவது பங்களாவில் "பிரைவேட் டேபிள்" என்று கூப்பிட்டால் அது சட்டவிரோதம், சீட்டும் அவருடைய சீட்டு. உரிமம் பெற்ற கேசினோக்கள் கோவாவிலும் சிக்கிமிலும் இருக்கின்றன.

மனதுக்குள் எண்ணுவது ஏமாற்று அல்ல. கருவி வைத்து எண்ணினால் அமெரிக்காவின் நெவாடாவில் குற்றம். மனதால் எண்ணினால் குற்றமில்லை, ஆனால் வெளியே போகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் கென் உஸ்டன் என்பவர் வழக்குப் போட்டு, எண்ணுகிறார் என்பதற்காகக் கேசினோக்கள் தாங்களாகவே ஒருவரை விலக்க முடியாது என்று 1982-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். மற்ற இடங்களில் எழுந்து போங்கள் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து போவதுதான்.

என்னைக் கேட்டால், இந்த வருடம் 60,000-ஐ வங்கியிலேயே விட்டுவிட்டு வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு கட்டு வாங்கிக் கலந்து, ஒரு சீட்டை மட்டும் பார்க்காமல் குப்புற எடுத்து வையுங்கள். மிச்சம் 311-ஐயும் பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள். 23-இல் முடிந்தால் மறைத்தது 2-இலிருந்து 7-க்குள் ஒரு சீட்டு. 25-இல் முடிந்தால் பத்தோ படமோ ஆஸோ. 24 என்றால் 8 அல்லது 9. திருப்பிப் பாருங்கள். வேறு எண் வந்தாலோ, திருப்பிய சீட்டு ஒத்துவராவிட்டாலோ வழியில் எங்கோ தவறவிட்டிருக்கிறீர்கள். பத்து முறை தொடர்ந்து சரியாக வந்த பிறகு, ஒவ்வொரு கட்டு உயரத்திலும் நிறுத்தி, சாக்கு எவ்வளவு, இலை எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அது முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பஸ் ஏறி வாருங்கள். நான் சீட்டு போடுகிறேன். புளியங்கொட்டையை வில்லையாக வைத்து ஆடிப் பார்க்கலாம். நடுவில் பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் இருப்பேன், அதற்கும் தயாராக வாருங்கள்.